மேகி வாக்கரின் பென்னி வங்கி

மேகி லீனா வாக்கரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ‘அமெரிக்காவின் முதல் பெண் வங்கித் தலைவர்’ என்ற அறிமுகத்துடன் தொடங்குகின்றன. இது முழுக்கச் சரியல்ல. கணவர் இறந்தபின் அவர் நடத்திவந்த வங்கியின் தலைமையை ஏற்ற வெள்ளையினப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அந்நாட்டில் இருந்தார்கள். யாரிடமிருந்தும் வாரிசாகப் பெறாமல், தானே திட்டமிட்டு, உரிமம் பெற்று, பங்கு விற்று ஒரு வங்கியைத் தொடங்கி, அதன் தலைவர் நாற்காலியிலும் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் என்று சொன்னால் பிழையிராது. ஆனால் யார் முதல் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி வேறொன்று. வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் அவர் காலத்தில் கறுப்பினத்தவர் தொடங்கிய பெரிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. அவருடைய வங்கி மட்டும் அவர் இறந்து எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தன் மக்களின் கையிலேயே எப்படி இருந்தது?

இதற்கு விடை தேட 1874ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச்சில், விடுதலை பெற்ற அடிமைகளின் சேமிப்புக்கென்று அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வங்கிக்கு உரிமம் வழங்கியது. ஃப்ரீட்மன்ஸ் வங்கி என்று அது அழைக்கப்பட்டது. முன்னாள் போர்வீரர்களும் கூலிக்காரர்களும் துணி வெளுப்பவர்களும், அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்ற நம்பிக்கையில், அதில் பணம் போட்டார்கள். அரசாங்கம் பின்னால் நிற்கவில்லை. முறையற்ற கடன்களாலும் 1873இன் நிதி நெருக்கடியாலும் உள்ளே அழுகிப்போயிருந்த அந்த வங்கிக்கு, கடைசி நேரத்தில், கறுப்பினத்தவரின் பெருந்தலைவரான ஃப்ரெடரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள்; சில மாதங்களிலேயே, 1874 ஜூன் மாத முடிவில், வங்கி மூடப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் ஏறத்தாழ முப்பது லட்சம் டாலர் சிக்கிக்கொண்டது. பலருக்கு ஒரு பகுதி பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. பலருக்கு எதுவுமே கிடைக்கவில்லை. வங்கி என்றாலே அஞ்சும் ஒரு தலைமுறை அப்படித்தான் உருவானது. அந்தத் தலைமுறையிடமிருந்துதான் வாக்கர் பின்னாளில் பணம் கேட்க வேண்டியிருந்தது.

வங்கி மூடப்பட்டபோது அவருக்குப் பத்து வயது நிறையச் சில நாட்களே இருந்தன. 1864 ஜூலை 15 அவருடைய பிறந்த நாளாகக் குறிப்பிடப்படுகிறது. தாய் எலிசபெத் டிரேப்பர், அடிமையாக இருந்தவர். எலிசபெத் வான் லூ என்ற செல்வச் சீமாட்டியின் மாளிகையில் சமையல் வேலை செய்துவந்தார். வான் லூ, உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலங்களின் தலைநகரான ரிச்மண்டில் இருந்துகொண்டே வடமாநிலங்களுக்கு உளவு சொன்னவர் என்பது தனிக் கதை. மேகியின் தந்தை அயர்லாந்தில் பிறந்த ஒரு வெள்ளையர். அவர்களுக்குள் திருமணம் நடக்கவில்லை, அன்றைய சட்டம் அதை அனுமதிக்கவும் இல்லை. தாய் பிறகு வில்லியம் மிட்செல் என்பவரை மணந்தார். அவர் 1876இல் ஜேம்ஸ் ஆற்றில் பிணமாக மிதந்தார். தற்கொலை என்று அதிகாரிகள் எழுதி முடித்தார்கள். கொலை என்றே தாய் கடைசிவரை நம்பினார். அதன்பின் குடும்பம் வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்துப் பிழைத்தது. அழுக்குத் துணியை வாங்கி வருவதும் வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் சிறுமி மேகியின் வேலை. தான் பிறந்தபோது வாயில் வெள்ளிக் கரண்டி இல்லை, தலையில் துணிக்கூடைதான் இருந்தது என்று பின்னாளில் அவர் மேடைகளில் சொல்வதுண்டு.

துணி வெளுக்கும் பெண்களை அருகிலிருந்து அறிந்ததே அவருடைய உண்மையான வங்கிக் கல்வி என்பேன். அந்தப் பெண்களின் கையில் வாரந்தோறும் ரொக்கம் புழங்கியது. சிறிய தொகைதான், ஆனால் தவறாமல் வந்தது. நம் வீடுகளில் அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் பெண்கள் சேர்த்து வைக்கும் சிறுவாட்டுக்கு ஒப்பான பணம் அது. எந்த வெள்ளையர் வங்கியும் அதைப் பொருட்படுத்தியதில்லை. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த ஒரே இடம் சகோதர சங்கங்கள் எனப்பட்ட பரஸ்பர உதவி அமைப்புகள். மாதம் சில சென்ட் சந்தா கட்டினால் நோயுற்ற காலத்தில் உதவியும், இறந்தால் கௌரவமான அடக்கமும் கிடைக்கும். காப்பீட்டு நிறுவனங்களின் கதவு கறுப்பினத்தவருக்கு அனேகமாக மூடியிருந்த காலத்தில், சங்கத்தில் உறுப்பினராக இருப்பது ஆடம்பரமோ பொழுதுபோக்கோ அல்ல.

பால்டிமோரில் மேரி ப்ரௌட் என்ற கறுப்பினப் பெண் தொடங்கிய ஓர் அமைப்பிலிருந்து கிளைத்ததுதான் செயின்ட் லூக் சங்கம். அதில் மேகி பதினான்கு வயதில் சேர்ந்தார். 1883இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் தேர்ச்சி பெற்று மூன்றாண்டுகள் பாடம் நடத்தினார். 1886இல் கட்டடத் தொழில் செய்துவந்த ஆர்ம்ஸ்டெட் வாக்கரை மணந்ததும், மணமான பெண்கள் ஆசிரியராக நீடிக்கக் கூடாது என்ற விதி அவரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியது. பள்ளி இழந்த உழைப்பைச் சங்கம் பெற்றுக்கொண்டது. 1895இல் அவர் சிறுவர்களுக்கென்று தனிக் கிளைகளை ஏற்படுத்தினார். 1899இல் சங்கத்தின் தலைமைச் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது.

அது பெருமைக்குரிய வரவேற்பாக இருந்திருக்க முடியாது. சங்கத்தின் கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கொடுக்க வேண்டிய பாக்கியோ 400 டாலர். முந்தைய செயலாளர் பெற்றுவந்த 300 டாலர் ஆண்டுச் சம்பளத்தை விட்டுவிட்டு, 100 டாலருக்கு அவர் அந்த வேலையை ஏற்றார். கிராமம் கிராமமாகச் சென்று உறுப்பினர் சேர்ப்பது, சந்தா வசூலை ஒழுங்குபடுத்துவது, இறப்புத் தொகையைத் தாமதமின்றிக் கொடுத்து நம்பிக்கை வளர்ப்பது என்று முதல் இரண்டு ஆண்டுகள் போயின. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமானது. இறந்தவர் வீட்டுக்குப் பணம் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தால், அந்தத் தெருவில் பத்துப் பேர் சங்கத்தில் சேர்வார்கள்.

1901 ஆகஸ்டில் நடந்த சங்க மாநாட்டில் அவர் தன் திட்டத்தை விரித்துரைத்தார். ஒரு பத்திரிகை வேண்டும், ஒரு கடை வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு சேமிப்பு வங்கி வேண்டும் என்றார். நம் பணத்தை ஒன்றாகச் சேர்ப்போம், அதை நமக்குள்ளேயே வட்டிக்கு விடுவோம், அதன் பலனை நாமே அனுபவிப்போம் என்பது அந்த உரையின் சாரம். ஐந்து சென்ட் நாணயங்களை வாங்கி டாலராக மாற்றித் தரும் வங்கி என்று அவர் சொன்ன வாசகம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அழகான வாசகம்தான், ஆனால் அதற்குள் கறாரான ஒரு கணக்கும் இருந்தது. சங்கம் வசூலித்த சந்தாப் பணம் அதுவரை வெள்ளையர் வங்கிகளில் கிடந்து, அந்த வங்கிகள் வெள்ளையருக்குக் கொடுக்கும் கடனுக்கு உதவிக்கொண்டிருந்தது. அதே பணத்தை அடிப்படை வைப்பாக வைத்து ஒரு வங்கியைத் தொடங்கினால், முதல் நாளிலிருந்தே அதற்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் உறுதி.

காலமும் நெருக்கியது. 1902இல் வர்ஜீனியா புதிய அரசியல் சட்டத்தை இயற்றி, வாக்கு வரி, தேர்வு போன்ற தடைகளால் கறுப்பின ஆண்களில் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. பெண்களுக்கு வாக்குரிமை அதற்கு முன்பும் இல்லை. வாக்குச் சீட்டு கையில் இல்லாத சமூகத்துக்கு எஞ்சியிருந்த ஆயுதம் பணத்தை எங்கே செலவழிப்பது, எங்கே வைப்பது என்ற முடிவுதான். செயின்ட் லூக் ஹெரால்ட் என்ற வார இதழ் 1902இல் தொடங்கப்பட்டு இந்த வாதத்தை வீடு வீடாகக் கொண்டுசென்றது. 1904இல் ரிச்மண்டின் டிராம் நிறுவனம் வண்டிக்குள் இனவாரியாக இருக்கைகளைப் பிரித்தபோது, டிராமில் ஏறாமல் நடந்தே செல்லும் புறக்கணிப்பை ஆதரித்து அவ்விதழ் எழுதியது. ஏற்கெனவே தள்ளாடிய அந்த நிறுவனம் அவ்வாண்டிலேயே நொடித்து நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. ஆனால் அதனால் இருக்கைப் பிரிவினை ஒழிந்துவிடவில்லை; இரண்டு ஆண்டுகளில் மாநிலம் அதைக் கட்டாயச் சட்டமாகவே ஆக்கியது.

வங்கித் தொழிலை அவர் ஊகித்துக் கற்கவில்லை. ரிச்மண்டின் மெர்ச்சன்ட்ஸ் நேஷனல் வங்கியில் சில மாதங்கள், நாளுக்குச் சில மணி நேரம் இருந்து, பேரேடும் கடன் நடைமுறையும் எப்படி நடக்கின்றன என்று பார்த்துப் பழகினார். காசாளர் பொறுப்புக்கு எம்மெட் பர்க் என்பவரை அமர்த்தினார். ட்ரூ ரிஃபார்மர்ஸ் என்ற மற்றொரு சகோதர சங்கத்தின் வங்கியில் வேலை பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. இறுதியில் 1903 நவம்பர் 2ஆம் தேதி, சங்கத்தின் கட்டடத்திலேயே, செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. அன்று மட்டும் சுமார் 280 பேர் எட்டாயிரம் டாலருக்கும் மேல் வைப்புச் செலுத்தினார்கள். 1,247 டாலருக்குப் பங்குகள் விற்றன. 31 சென்ட் கட்டிக் கணக்குத் தொடங்கிய ஒருவரும் அந்த வரிசையில் இருந்தார். ஒரு பென்னி என்பது ஒரு சென்ட் நாணயம். அந்தச் சொல்லை வங்கியின் பெயரிலேயே வைத்தது, உன் காசு சிறிது என்று இங்கே யாரும் உன்னைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்ற அறிவிப்பாகும்.

சிறுவர் கிளைகளின் பிள்ளைகளுக்கு அட்டை உண்டியல்கள் கொடுக்கப்பட்டன. அதில் ஒரு டாலர் சேர்ந்தால் பிள்ளையின் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். செய்தித்தாள் விற்றும் புல் வெட்டியும் சம்பாதித்து நூறு டாலருக்கு மேல் சேர்த்த பிள்ளைகள் உண்டு என்று வாக்கர் 1920களில் ஒரு பேட்டியில் சொன்னார். அதே பேட்டியில், காலணிக்கு மெருகு போடும் ஒற்றைக்கால் சிறுவன் ஒருவனைப் பற்றியும் விவரித்தார். தெருவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்த அவனைச் சேமிக்கச் சொல்லி, ஐம்பது டாலர் சேர்ந்ததும் மூன்று நாற்காலிகள் போட ஒரு சிறு இடத்தை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். ஏழு ஆண்டுகளில் நாற்காலிகள் பன்னிரண்டாயின. தாய்க்கு 1,900 டாலரில் ஒரு வீடும் வாங்கியிருந்தான். வங்கித் தலைவர்கள் சொல்லும் வெற்றிக் கதைகளைச் சற்று ஐயத்துடன் கேட்பது என் வழக்கம். ஆனால் இந்தக் கதையில் வங்கி செய்த வேலை தெளிவாகத் தெரிகிறது. சேமிப்பை வாங்கி வைத்துக்கொண்டதோடு நிற்காமல், அது எந்த அளவை எட்டும்போது முதலாக மாறும் என்று வங்கி கணித்திருக்கிறது.

வீட்டுக் கடன் விஷயத்திலும் அதே கணிப்புதான். வாடகை வீட்டில் இருப்பவர் மாதாமாதம் வாடகை தவறாமல் கட்டுகிறார் என்றால், அதே தொகையை அடமானத் தவணையாகவும் அவரால் கட்ட முடியும். வெள்ளையர் வங்கிகள் ஏற்க மறுத்த இந்த எளிய கணக்கை வைத்து, 1920ஆம் ஆண்டுவாக்கில் அறுநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சொந்த வீடு வாங்க வங்கி உதவியது. ஜாக்சன் வார்டு என்ற பகுதி ரிச்மண்டின் கறுப்பினத்தவரின் வணிக மையமாகத் தழைத்ததில் இந்தக் கடன்களுக்கும் பங்குண்டு. வாக்கரின் குடும்பமும் 1905 முதல் அங்கேதான், கிழக்கு லீ தெருவில் வசித்தது.

எல்லாமே கைகூடிவிடவில்லை. 1905இல் பிராட் தெருவில் சங்கம் திறந்த செயின்ட் லூக் எம்போரியம் என்ற பல்பொருள் அங்காடி, கறுப்பினப் பெண்களுக்கு விற்பனையாளர் வேலை தருவதையும் நோக்கமாகக் கொண்டிருந்தது. வெள்ளை வணிகர்கள் ஒன்றுகூடி, இந்தக் கடைக்குச் சரக்குக் கொடுக்கக் கூடாது என்று மொத்த வியாபாரிகளுக்கு நெருக்கடி கொடுத்தார்கள். வாக்கரைக் கூடுதலாக வருத்தியது மற்றொன்று. சொந்த இனத்து வாடிக்கையாளர்களும் போதிய அளவில் கடைக்கு வரவில்லை. நம் காசைக் கொண்டுபோய் நம்மை அடிக்கும் சிங்கத்துக்கே தீனி போடுகிறோம் என்று 1906இல் ஓர் உரையில் அவர் கடிந்துகொண்டார். ஏழு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதற்குள் கடை மூடப்பட்டது. சகோதர சங்கத்தின் கடை முழுகினால் அதன் வங்கியும் உடன் முழுகுவது அந்தக் காலத்து வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை.

நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சான்று சில தெருக்கள் தள்ளியே இருந்தது. ட்ரூ ரிஃபார்மர்ஸ் சங்கம் 1888இல் உரிமம் பெற்று மறு ஆண்டில் திறந்த வங்கி, நாட்டின் முன்னோடிக் கறுப்பின வங்கிகளில் ஒன்று. 1893இன் நெருக்கடியின்போது ரொக்கம் கொடுப்பதை நிறுத்தாமல் பெயர் வாங்கியது. அந்தச் சங்கம் ஹோட்டல், கடைகள், நில வியாபாரம் என்று விரிந்தது; அவற்றுக்கெல்லாம் வங்கி போதிய ஈடில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டே போனது. கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கையாக இருக்கும்போது, திருப்பிக் கேட்பதற்கு ஆள் இருக்காது. 1910இல் வங்கி விழுந்தது. சங்கமும் அதனுடன் சரிந்தது. பர்க் ஒரு காலத்தில் பயிற்சி பெற்ற அதே வங்கிதான்.

அதே 1910இல் வர்ஜீனியா மாநிலம் வங்கிகளை ஆய்வு செய்வதற்கென்று தனிப் பிரிவை ஏற்படுத்தியது. சகோதர சங்கங்களின் வங்கிகள் தத்தம் சங்கங்களிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது. இந்தக் கண்காணிப்பு கறுப்பினத்தவரின் வங்கிகள் மீது கூடுதல் கடுமையுடன் பாயக்கூடும் என்ற அச்சத்துக்கு அன்றைய சூழலில் முழு நியாயம் இருந்தது. வாக்கர் முரண்டு பிடிக்கவில்லை. 1911இல் வங்கியைச் சங்கத்திலிருந்து சட்டப்படி பிரித்து, செயின்ட் லூக் பேங்க் அண்டு டிரஸ்ட் கம்பெனி என்ற புதிய பெயருடன், முதலாம் தெருவும் மார்ஷல் தெருவும் சந்திக்கும் மூலையில் சொந்தக் கட்டடத்துக்குக் கொண்டுசென்றார். சங்கத்தின் செயலாளராகவும் வங்கியின் தலைவராகவும் அவரே நீடித்தார் என்பதால், இதை வெறும் காகிதப் பிரிவு என்று சிலர் எண்ணலாம். ஆனால் கணக்குகள் தனித்தனியானதும், சங்கத்தின் தேவைக்கு வங்கியின் பெட்டியைத் திறக்கும் பழக்கத்துக்கு வழி அடைபட்டது. அவருடைய வாழ்க்கையில் இதுவே தீர்மானமான ஆண்டு என்பது என் கருத்து. வங்கி திறந்த 1903ஐக் கொண்டாடுபவர்கள் 1911ஐக் கடந்துபோய்விடுகிறார்கள்.

சொந்த வாழ்க்கை அவருக்குச் சலுகை காட்டவில்லை. 1915 ஜூனில் ஒரு நாள் இரவு, வீட்டுக்குள் திருடன் நுழைவதாக எண்ணி மூத்த மகன் ரஸல் சுட்டதில் அவருடைய கணவர் இறந்துபோனார். மகன்மீது கொலை வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அவர் விடுவிக்கப்பட்டார். இந்தச் சமயத்தைப் பயன்படுத்தி வாக்கரைச் சங்கப் பொறுப்பிலிருந்து இறக்கும் முயற்சிகளும் நடந்தன. ரஸல் அந்த நிகழ்விலிருந்து மீளவே இல்லை, 1923இல் காலமானார். இதே ஆண்டுகளில்தான் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஒரு லட்சத்தை எட்டியது. 1921இல், பெண்கள் வாக்குரிமை பெற்ற மறு ஆண்டிலேயே, கறுப்பினத்தவரை ஒதுக்கிய குடியரசுக் கட்சிக்குப் போட்டியாக நிறுத்தப்பட்ட கறுப்பின வேட்பாளர் அணியில், மாநிலக் கல்வித் தலைமைப் பதவிக்கு அவர் போட்டியிட்டார். தோல்வி எதிர்பார்த்ததே.

அந்த அணியின் ஆளுநர் வேட்பாளர் ஜான் மிட்செல் ஜூனியர். ரிச்மண்ட் பிளானட் இதழின் ஆசிரியர், துணிச்சலான பேனாக்காரர், மெக்கானிக்ஸ் சேமிப்பு வங்கியின் தலைவர். டிராம் புறக்கணிப்பில் முன்னணியில் நின்றவரும் அவரே. தேர்தல் முடிந்து ஓராண்டுக்குள், 1922இல், அவருடைய வங்கி மூடப்பட்டது; மோசடிக் குற்றச்சாட்டில் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை மேல்முறையீட்டில் ரத்தானாலும், வங்கி திரும்பி வரவில்லை. இருவரின் மனத்துணிவிலும் வேறுபாடு காண்பது கடினம். மிட்செலின் வங்கி பெரும்பாலும் ஒரு மனிதரின் செல்வாக்கில் நின்றது; வாக்கரின் வங்கிக்குக் கீழே ஆயிரக்கணக்கான பெண்களின் வாரச் சந்தா ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட்டாலும், அந்த ஓட்டம் நிற்காத வரை வங்கிக்கு மூச்சு இருக்கும்.

1929இல் பங்குச் சந்தை சரிந்தபோது, அந்த மூச்சு மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்தார். ஒரே நகரத்தில், ஒரே சமூகத்தின் வைப்புகளுக்காகச் சிறு வங்கிகள் மோதிக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றாக விழும். 1930இல் செகண்ட் ஸ்ட்ரீட் சேமிப்பு வங்கியும் அடுத்த ஆண்டு கமர்ஷியல் வங்கியும் அவருடைய வங்கியுடன் இணைந்தன. கன்சாலிடேட்டட் பேங்க் அண்டு டிரஸ்ட் கம்பெனி உருவானது. செயின்ட் லூக் என்ற பெயர் வங்கியின் பலகையிலிருந்து போயிற்று. தலைவர் பதவியை விட்டுக்கொடுத்து, இயக்குநர் குழுவின் தலைவராக அவர் அமர்ந்தார். தான் பெற்ற வங்கியின் பெயரையும் தன் நாற்காலியையும் ஒருசேர விட்டுக்கொடுத்த வங்கியாளர்கள் அந்தக் காலத்தில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். நீரிழிவும் முழங்காலில் பட்ட பழைய காயமும் சேர்ந்து 1928வாக்கில் அவரை நடக்க முடியாதபடி ஆக்கியிருந்தன. வீட்டுக்குள் மின்தூக்கி பொருத்திக்கொண்டார். நாற்காலியுடன் ஏறும்படி காரை மாற்றியமைத்துக்கொண்டு அலுவலகம் போய்வந்தார். 1934 டிசம்பர் 15 அன்று அவர் இறந்தார். கிழக்கு லீ தெரு வீட்டை 1978இல் அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுத் தலமாக ஏற்றது. அந்த மின்தூக்கியை இன்றும் அங்கே காணலாம். 2017இல் பிராட் தெருவில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. வங்கி மாபெரும் பொருளாதார மந்தத்தைத் தாண்டி, போர்க்காலத்தைத் தாண்டி, 1960களின் உரிமைப் போராட்டங்களைத் தாண்டி, 2005 வரை தனித்து இயங்கியது. அவ்வாண்டு வாஷிங்டனைச் சேர்ந்த ஒரு வங்கிக் குழுமம் அதை வாங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கன்சாலிடேட்டட் என்ற பெயரும் பலகையிலிருந்து எடுக்கப்பட்டது.